ஆறு வார்த்தைக்குள்

இனியா இப்போதெல்லாம் என்னை "மேடம்" என்று கூப்பிடுகிறாள். ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் "வாங்க மேடம், சாப்டீங்களா மேடம்" என்று அவ்வளவு மரியாதை. பார்க்கிறவர்கள் இந்த இரண்டு டீச்சர்களுக்குள் எவ்வளவு பண்பு என்று மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அருவருப்பாக இருக்கிறது. அவள் மேல் அல்ல, என் மேல்தான். போன வருடம் வரைக்கும் நான் அவளுக்கு வெறும் மானசா.

எங்கள் பள்ளிக்கூடம் சிங்காநல்லூர் பக்கம் இருக்கிறது. கோயமுத்தூரில் பணம் உள்ளவர்கள் பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நிற்கிற பள்ளி. போன ஜூனில் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர்கள் வெளிநாட்டுக்காரன் நடத்தும் உயர்நிலை ஆங்கிலப் பரீட்சையை டிசம்பருக்குள் பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு இறங்க வேண்டும். ஆறு பேரில் நான்கு பேர் முனகிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கே போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் இனியாவும்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்ததில் என் உச்சரிப்புக்குப் பெற்றோர்கள் மத்தியில் நல்ல பெயர். இனியா உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர்க்காரி. அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி. அம்மா காளியாத்தாள் இவள் பத்தாவது படிக்கும்போதே இறந்துபோனார். அப்பா மாசாணம் தேங்காய்க் களத்தில் கடப்பாறையில் குத்தித் தேங்காய் உரித்தே இவளை எம்.ஏ. வரை படிக்க வைத்தார். பேசினால் அவள் இங்கிலீஷில் உடுமலை வாசனை அடிக்கும். எழுதினால் நான் அவள் கால் தூசிக்கு வர மாட்டேன்.

அந்தப் பரீட்சையில் எல்லாரையும் கவிழ்க்கிற பகுதி ஒன்று உண்டு. ஒரு வாக்கியம் கொடுத்து, அடியில் ஒரு சொல் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு வார்த்தைக்கு மிகாமல், முதல் வாக்கியத்தின் அர்த்தம் துளியும் மாறாமல் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் இரண்டு மார்க். பாதி வந்தால் ஒன்று. ஏழாவது வார்த்தை எட்டிப் பார்த்தால் அவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் ஏழு வரும். எட்டுகூட வரும். 'கைண்ட்லி' ஒன்று, 'ப்ளீஸ்' ஒன்று எப்படியோ உள்ளே புகுந்துவிடும். இனியா சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "கோயமுத்தூர்க்காரிக்கு மரியாதையில்லாம ஒரு வாக்கியம் வராது போல. ங்க போட்டே நீ பெயிலாகப் போற" என்பாள். அடுத்த வரியிலேயே பூஜ்யம் போடுவாள். மார்க் விஷயத்தில் சிநேகம் பார்க்க மாட்டாள். நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒருவர் நோட்டை இன்னொருவர் திருத்த வேண்டும், போட்ட மார்க்குக்கு அடியில் கையெழுத்தும் போட வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். அன்று மத்தியானம் பீளமேட்டில் எங்கள் வீட்டில் பயிற்சி நடக்கும். அந்த நேரத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மாசாணத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. புதனும் சனியும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சனிக்கிழமை ஒரு மணிக்கு அவரை மிஷினில் படுக்க வைத்துவிட்டு இவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், ஐந்து மணிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறுவாள். பொள்ளாச்சி வழியாக ஊர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். தினமும் காலையில் அதே இரண்டரை மணி நேரம் அவள் மட்டும் வருவாள்; டயாலிசிஸ் நாளில் அப்பாவை ஊர்க்காரர் யாராவது பின்னால் வரும் பஸ்ஸில் கூட்டிவந்து விடுவார்கள். பரீட்சைக்கு அவள் படித்ததெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான். அவள் எழுத்தைப் பார்த்தே ரோடு எங்கே மோசம் என்று சொல்லிவிடலாம்.

என் அம்மா வெங்கடலட்சுமிக்கு இனியாவை ரொம்பப் பிடிக்கும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வந்ததும் டிகிரி காபி, எங்களுக்கு உள்ள அதே வெள்ளி விளிம்பு போட்ட டம்ளரில். சிறுநீரகக்காரர் உப்புச் சேர்க்கக் கூடாது என்று கேள்விப்பட்டதிலிருந்து மாசாணத்துக்கென்று உப்பில்லாத முறுக்கு தனியாகச் சுட்டு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். அவர் முகத்தை அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் இந்த வாரம் பசி எடுத்ததா, கால் வீக்கம் வற்றியதா என்று வாரம் தவறாமல் விசாரிப்பாள். முறுக்கு தீர்ந்த டப்பாவை இனியா கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவருவாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஊர் திரும்பும்போது, கிணத்துக்கடவு தாண்டியதும் மாசாணம் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்த உடம்பு, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண்டக்டர் பஸ்ஸை ஓரம் கட்டி, மூன்று பேர் சீட்டில் அவரைக் கிடத்தி, யாரோ தண்ணீர் தெளித்து, எப்படியோ பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். புதன்கிழமை டாக்டர் இனியாவைக் கூப்பிட்டு, இனிமேல் இவரை இத்தனை தூரம் அலைய வைத்தால் ஏதாவது ஒரு வாரம் பஸ்ஸிலேயே போய்விடுவார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் ஒருத்தி என்றால் ஹாஸ்டலில் போய் இருந்திருப்பாள். அப்பாவை வைத்துக்கொண்டு வீடுதான் வேண்டும்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் வீடு தேடப் போனாள். வாடகை அவளுக்குப் பிரச்சினையில்லை, எங்கள் பள்ளிச் சம்பளத்துக்குத் தாங்கும். பள்ளியின் பெயரைச் சொன்னதுமே வீட்டுக்காரர்கள் முகம் மலர்ந்துவிடுமாம். டீச்சருங்களா, உள்ள வாங்க, உக்காருங்க. அப்புறம் மெதுவாக ஆரம்பிக்குமாம். சொந்த ஊர் எதுங்க? உடுமலைங்க. உடுமலையில எந்தப் பக்கமுங்க? நீங்க எந்தக் கூட்டமுங்க? குலசாமி கோயில் எங்கீங்க? ஒரு வீட்டில், பேரன் பேத்தி எடுத்த மனுஷன், சுற்றி வளைக்கத் தெரியாமல் கடைசியில், "ஏனுங் அம்மணி, உங்க ஊடு ஊருக்குள்ளயா, தள்ளியுங்களா?" என்று கேட்டாராம். தள்ளிதானுங்க என்று இவள் சொன்னதும் அவருக்கு அண்ணன் மகன் கல்யாணமும், அவனுக்கு அந்த வீடு வேண்டும் என்பதும் ஞாபகம் வந்துவிட்டதாம்.

யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. யாரும் சாதி என்ற வார்த்தையை வாயால் எடுக்கவில்லை. தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க கண்ணு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். எங்கள் ஊர்ப் பேச்சைத் தேன் என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். அந்தத் தேனை அவள் கொண்டுவந்து சொல்லச் சொல்ல எனக்கு வாயெல்லாம் கசந்தது. என்ன ஊர், என்ன மனிதர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் மேசையைத் தட்டிக் கத்தினேன். இனியா கத்தவில்லை. "விடு மானசா, நல்ல பயிற்சி" என்றாள்.

பயிற்சி என்று அவள் சொன்னது விளையாட்டுக்கல்ல. அவள் நீள நோட்டில் முன்பக்கத்திலிருந்து இங்கிலீஷ் இருக்கும். பின்பக்கத்திலிருந்து தமிழில் ஒன்று எழுத ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில் பொழுது போக என்றாள். நான் பார்க்கக் கேட்டபோது, முடியட்டும், ஒரேயடியாகத் திருத்தத் தருகிறேன் என்று மூடிவிட்டாள்.

எங்கள் வீட்டு மாடி மே மாதத்திலிருந்து காலி. இரண்டு அறை, தனி வாசல், தெருப் பக்கமாகப் படி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டையைத் தாண்டித்தான் அவள் உள்ளே வருவாள். ஆகஸ்ட் போய், செப்டம்பர் போனது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளாகக் கேட்கட்டும் என்று இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் நான் என்ன பதில் சொல்ல நேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த அசிங்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைத்தபோது நாள் கடந்துவிட்டது.

அக்டோபர் முதல் வாரம் மாசாணத்துக்கு இரண்டாவது முறை பஸ்ஸில் மயக்கம் வந்தது. இந்தத் தடவை வலிப்பும் சேர்ந்து வந்தது. திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது இனியா டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"மானசா, உங்கூட்டு மேல் ஊடு காலியாத்தான இருக்கு. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு" என்றாள். "எனக்காக இல்ல. அப்பனுக்காக."

அன்று மாலையே அம்மாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் மரியாதை தமிழில் இருக்கும், மனசில் உள்ளது தெலுங்கில் வரும். அம்மா முறுக்கு அச்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. முறுக்கு எத்தனை படி வேண்டுமானாலும் சுட்டுத் தருவேன், அந்தப் பெண்ணை மேலே குடி வைக்க மாட்டேன் என்றாள். கீழே பூஜை அறை இருக்கிறது, நம் தலைக்கு மேல் அந்த ஆளுங்கள் காலை வைத்து நடப்பதா என்று கேட்டாள். சாதிப் பெயரையும் சொன்னாள். எத்தனை லகுவாகச் சொன்னாள் என்றால், அச்சில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

நான் சண்டை போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஸ்டாஃப் ரூமில் மேசையைத் தட்டியவள் வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூடத் தட்டவில்லை. கல்யாணம் கசந்து திரும்பி வந்து அம்மா வீட்டில் இருக்கிறவள் நான், வீடு அம்மா பேரில், அம்மாவோ வயதானவள், சர்க்கரை வேறு. நான் சேர்த்த காரணங்களை நினைத்தால் எனக்கே என்னைத் தொடப் பிடிக்கவில்லை. நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டேன். நீதானே இங்கிலீஷ் டீச்சர், மனசு நோகாதபடி அழகாக ஏதாவது சொல்லு என்றாள் அம்மா.

சொன்னேன். மறுநாள் காலை, பிரேயர் மணி அடித்த பிறகு, வகுப்புக்குப் போகிற வராந்தாவில் வைத்து, நின்று பேச நேரமில்லாத இடமாகப் பார்த்துச் சொன்னேன்.

"டேங்க் ரிப்பேர் முடியட்டும், அப்புறம் பாக்கலாம் இனியா."

"டேங்க்கா?" என்றாள்.

ஆமாம், மாடித் தொட்டி ஒழுகுகிறது, சுவரெல்லாம் ஈரம், ஆளுக்குச் சொல்லியிருக்கிறது என்று கூடவே கொஞ்சம் அளந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சரி மானசா என்று சொல்லிவிட்டு ப்ளஸ் ஒன் வகுப்புக்குள் போனாள். எங்கள் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஆள் வைத்துக் கழுவுகிறவள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். அவளுக்கு முன்னால், எங்கள் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றிருந்தது. ரவிதேஜா என்று ஒரு பேங்க் ஆபீசர், மாற்றலாகி வந்தவர், எங்கள் ஆட்கள். அம்மா அவரிடம் ஊரைக் கேட்டாள், எங்களில் வம்சத்தைக் காட்டுகிற வீட்டுப் பெயரைக் கேட்டாள், சாவியைக் கொடுத்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சமைப்போம் என்று அவர் மனைவி சொன்னதற்குத் தாராளமாகச் சமையுங்கள் என்றாள். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் படியில் ஏறிக்கொண்டிருந்தன. இனியா முறுக்கு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே வந்ததும் டப்பாவை அம்மாவிடம் கொடுத்தாள்.

"டேங்க் செரியாயிருச்சுங்களாம்மா?" என்றாள்.

அம்மாவுக்கு நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்று தெரியாது. ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷம் கோயமுத்தூரில் இருந்தவள், சமாளிக்கத் தெரியாமலா இருக்கும். "ஆச்சு கண்ணு, இப்பத்தான் ஆச்சு" என்றாள். பிறகு பேச்சை மாற்ற, வீடு ஏதாவது கிடைத்ததா கண்ணு என்று அன்பாக விசாரித்தாள்.

கிடைத்துவிட்டது என்றாள் இனியா. கரும்புக்கடையில், அப்துல் கையூம் என்று மரக்கடை வைத்திருப்பவர் வீடு. கீழ்ப் பகுதி. ஒரே ஜன்னல், அதைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். புதன்கிழமையே குடி போய்விட்டார்களாம். எவ்வளவோ விசாரித்திருப்பாரே என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாருங்க. அப்பா படி ஏறுவாராம்மான்னு. ஏற மாட்டாருன்னேன். அப்ப கீழயே இருந்துக்கோங்கன்னு, மரம் அடுக்கியிருந்த ரூமை அன்னைக்கே காலி பண்ணிக் குடுத்துட்டாருங்க."

ரொம்ப நல்லது, ஆஸ்பத்திரிக்கும் பக்கமாப் போச்சு என்றாள் அம்மா. முஸ்லிம்கள் குடியிருக்கிற அந்தப் பக்கமெல்லாம் நாம் கால் வைக்கிற இடமா என்று போன தீபாவளிக்கு என்னைக் கேட்ட அதே வாய். அவள் எழுந்து காபி போடப் போனாள். நான் புத்தகத்தை எடுத்துப் பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று ஏதோ உளறினேன். இனியா பையிலிருந்து நீள நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பின்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"முடிஞ்சிருச்சு. திருத்து" என்றாள்.

பக்கத்தின் உச்சியில் முதல் வாக்கியம். எல்லாக் கேள்விக்கும் அது ஒன்றுதான் என்பதால் ஒரு தடவை மட்டும் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். 'உங்க ஆளுங்களுக்கு எங்க வீட்டில் இடமில்லை.' அதன் கீழே வரிசையாக, கொடுத்த சொல் இடது பக்கம், விடை வலது பக்கம், ஓரத்தில் மார்க்குக்குக் காலிக் கட்டம்.

சைவம்: நாங்க சுத்த சைவமுங்க, ஒத்து வராதுங்க. பெயிண்ட்: பெயிண்ட் அடிச்சுப்போட்டு நாங்களே சொல்லியனுப்பறோம் கண்ணு. மகன்: மகன் அடுத்த மாசம் குடும்பத்தோட வாரானுங்க. வாஸ்து: வாஸ்து பாக்காம யாருக்கும் விடறதில்லீங்க. இப்படிப் பதினாறு. சில எழுத்துகள் பஸ் குலுக்கலில் கோணியிருந்தன.

அவள் சிவப்புப் பேனாவை மூடி கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். எங்கள் சட்டம் அது. வார்த்தையை எண்ண வேண்டும், அர்த்தம் மாறியிருக்கிறதா என்று மேலே உள்ள வாக்கியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிலும் மாறவில்லை. இரண்டு, இரண்டு, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன். மேலே எதையோ இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

பதினேழாவது கேள்வி கடைசி. கொடுத்த சொல், டேங்க். விடை என்னுடையது, என் வாயிலிருந்து வந்தபடியே இருந்தது. எண்ணினேன். அவள் பெயரையும் சேர்த்துச் சரியாக ஆறு வார்த்தை. நான்கு மாதப் பயிற்சியில் ஒரு தடவைகூட ஆறுக்குள் நிற்காதவள், அன்றைக்கு வராந்தாவில் ஒரு வார்த்தை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்றிருக்கிறேன்.

மன்னிச்சுக்கோ இனியா என்று ஆரம்பித்தேன். அவள் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

நோட்டை மூடிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பூஜ்யம் போட்டிருக்கலாம், அர்த்தம் அதுவல்ல, எனக்கு அப்படி எண்ணமே இல்லை என்று வாதாடியிருக்கலாம். அதையும் அழகாகச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. இரண்டு போட்டேன். அடியில் கையெழுத்தும் போட்டேன்.

இனியா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பதினேழு மார்க்கையும் மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தாள். பேனாவை வாங்கி மூடி போட்டாள். அம்மா சமையலறையிலிருந்து காபியோடும் முறுக்கு நிரப்பிய டப்பாவோடும் வந்தாள். இனியா காபியைக் குடித்தாள், டப்பாவை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு இப்போது பக்கத்திலேயே எல்லாம் கிடைக்கிறது, வேண்டாங்கம்மா என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"செரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம்" என்றாள். "நான் வாரனுங்க."